தேவியின் கழுத்தும் என் வாயும்

இன்று சிங்கப்பூர் தேக்கா பக்கத்து ஜிம்மில் மல்யுத்தப் பயிற்சியின்போது தோழி தேவிக்குக் கழுத்தில் அடி. ஐஸ் பையை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"வலியே போயிடுச்சு லா. சனிக்கிழமை போட்டிக்கு நான் ரெடி."

"சரி, என்னைத் திரும்பிப் பாரு."

கழுத்து திரும்பவில்லை. உடம்போடு சேர்ந்துதான் திரும்பினாள். நான் கொடுத்த தண்ணீர் பாட்டில் அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது.

"விரல் மரத்துப் போச்சுடி. கோச்கிட்ட சொல்லாத, ப்ளீஸ்."

சொல்லிவிட்டேன். கோச் உடனே மருத்துவமனைக்கு ஏற்பாடு செய்தார். நரம்பு நசுங்கியிருக்கலாம், போட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

ஈசூனில் இருக்கும் அவள் வீட்டுக்குத் திரும்பும்போது டாக்சியில் தேவி ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள்.

"துரோகி."

கோபம் தணியும்வரை காத்திருக்கவா, அவளால் என்னைத் தூக்கி எறிய முடியாத இந்த வாரமே போய்ப் பார்க்கவா? சொல்லுங்கள்.