அக்கா பாட மறுத்த சாம்பல் புதன்

அக்கா நம்மை விட்டுப் பிரிந்து ஓர் ஆண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அவரோடு சேர்ந்து பாடியிருப்பீர்கள். பாடாதவர்கள் அவரிடம் ஒருமுறையாவது ஏச்சு வாங்கியிருப்பீர்கள். அவர் தங்கையாகிய எனக்கு இரண்டும் நிறையவே கிடைத்தன.

றக்வானைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவு லயத்து வரிசை வீடொன்றில் அக்கா பிறந்தார். அப்பா எங்கள் கிறிஸ்தவ சபையின் உபதேசியார். அம்மா கொழுந்து எடுத்தார். அப்பா காலமானபோது அக்காவுக்குப் பதினாறு வயது. படிப்பை நிறுத்திவிட்டுத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கப் பேர் பதிந்தார். நான் ஆசிரியையாக நிற்பதற்குக் காரணம் அவர் முதுகில் சுமந்த கூடைதான். அத்தானைக் கைப்பிடித்த பிறகும் என் பள்ளிக்கூடச் செலவை அவர் விட்டுவிடவில்லை. அத்தானும் அதைக் குறித்து ஒரு சொல் சொன்னதில்லை.

தகரக் கூரை போட்ட எங்கள் சிறிய கோயிலில் பாடகர் குழுவைத் தொடங்கியவர் அக்காவே. பத்துப் பெண்கள், எல்லோரும் கொழுந்து எடுப்பவர்கள். சனிக்கிழமை பிற்பகலில் பயிற்சி. எழுத்துத் தெரியாதவர்களுக்கு ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுப்பார். ஆனால் சுருதி விலகினால் அவர் முகம் மாறிவிடும். அந்தக் கண்டிப்பால் நேர்ந்த ஒரு பிழையையும் நான் இங்கே எழுதவேண்டும். அதை மறைப்பதை அக்காவே விரும்பமாட்டார்.

ரெபேக்கா அக்காவின் சிறுவயதுத் தோழி. குழுவில் இரண்டாம் குரல் பாடுவார். ஒரு டிசம்பரில், நத்தார்ப் பாட்டுப் பயிற்சியின்போது ஆர்மோனியத்தோடு அவர் குரல் சேரவில்லை. மூன்று முறை பாடவைத்துப் பார்த்த அக்கா, எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: “ஒனக்குச் சுருதி சேர மாட்டேங்குது. நீ போயி ஒக்காந்து கேளு.”

ரெபேக்கா பாட்டுப் புத்தகத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டு வெளியே போனார். மூன்று ஆண்டுகள் கோயில் பக்கமே வரவில்லை. இருவரும் ஒரே மலையில், அடுத்தடுத்த நிரையில் நின்று கொழுந்து எடுத்தார்கள். பேச்சு மட்டும் இல்லை.

அடுத்த ஆண்டு ஆர்மோனியத்தைப் பழுதுபார்க்க வந்தவர், “இந்தக் கட்டை ரொம்ப நாளாவே சுருதி எறங்கித்தான் இருந்திருக்கு” என்றார். ரெபேக்காவோடு சேராமல் போன அதே கட்டை. அக்கா கூலியைக் கொடுத்து அவரை அனுப்பிவைத்தார். ரெபேக்காவைப் பற்றி நான் கேட்கவில்லை.

தொண்ணூறுகளின் இறுதியில் இரத்தினபுரியில் உள்ள ஒரு தேவாலயத்திலிருந்து அழைப்பு வந்தது. லெந்து என்னும் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் மாலை ஆராதனையில் சிங்களப் பாடகர் குழுவும் எங்கள் குழுவும் சேர்ந்து பாடவேண்டும். பெரிய கோயிலில் நாங்கள் பாடப்போவது அதுவே முதல் தடவை. இரண்டு மாதம் உழைத்தோம்.

ஆராதனைக்கு முதல் நாள் மாலை அக்கா என்னையும் அழைத்துக்கொண்டு ரெபேக்காவின் வீட்டுக்குப் போனார். அவர் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்.

“ரெண்டாங்குரலுக்கு ஆளு பத்தலையாக்கும்” என்றார், திரும்பிப் பாராமலே.

“பத்தலதான். அதுக்கு நான் வரல” என்றார் அக்கா. “அன்னைக்கு ஒன் சுருதி சரி. பெட்டிதான் தப்பு. ரிப்பேர் பண்ணப்பவே எனக்குத் தெரிஞ்சிருச்சு.”

“எப்ப ரிப்பேர் பண்ணுனது?”

“ரெண்டு வருசமாச்சு.”

ரெபேக்கா ஊதுகுழலைக் கீழே வைத்தார். “ரெண்டு வருசமா பக்கத்து நெறையில நின்னியே.”

“நின்னேன். சொல்ல வாய் வரல. நாளைக்கு நெத்தியில சாம்பல் பூசிக்கப் போறேன். ஒங்கிட்ட சொல்லாம எப்பிடிப் போறது?”

“நான் பாட வரமாட்டேன்.”

“பாட வேணாம். கூட வந்து ஒக்காரு. நீ பாடாத கோயில்ல நானும் பாட மாட்டேன்.”

வீட்டுக்கு வரும் வழியில் நான் கோபித்துக்கொண்டேன். இரண்டு மாத உழைப்பு என்னாவது என்று கேட்டேன். “நீ நடத்து. ஒனக்கு எல்லாம் தெரியும்” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் வாடகை வேன், தோட்டத்தில் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்தருகே வந்தபோது ரெபேக்கா வெள்ளைச் சேலையில் நின்றிருந்தார். வேன் புறப்படுமுன் அக்கா எழுந்து நின்று, நடந்ததை எல்லோரிடமும் சொன்னார். “எல்லாருக்கும் முன்னால சொன்ன சொல்லு. எல்லாருக்கும் முன்னாலயே எடுத்துக்கிறேன்.” ரெபேக்கா சன்னல் பக்கம் பார்த்தபடி, “சரி, ஒக்காரு. வளைவுல விழுந்திறாத” என்றார்.

சிங்களக் குழுவை நடத்தியவர் வயதான ஓர் அம்மையார். எல்லோரும் டீச்சர் என்றே அழைத்தார்கள். தாம் ஏன் பாடவில்லை என்பதை அக்கா அவரிடம் சிங்களத்தில் சொன்னார். அவர், “ஹரி நங்கி, ஓயா வாடிவென்ன” என்று, ஒரு தங்கையை உட்காரச் சொல்வதுபோல், ஐந்தாம் வரிசைப் பெஞ்சைக் காட்டினார். அக்காவும் ரெபேக்காவும் அங்கே போய் உட்கார்ந்தார்கள்.

போதகர் எங்கள் நெற்றிகளில் சாம்பலால் சிலுவை இட்டார். பிறகு பாட்டு. அக்கா சொன்னபடி நானே முன்னால் நின்று கையசைத்து நடத்தினேன். முதல் சரணத்தில் இரண்டாம் குரல் காதிலேயே விழவில்லை. இரண்டாம் சரணம் தொடங்கியதும், எனக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் எழுந்தது. உரத்துப் பாடவில்லை, ஆனால் பிசகாமல், எங்கள் பெண்கள் பற்றிக்கொள்ளப் போதுமானதாக இருந்தது. அடுத்த வரியில் அக்காவின் குரலும் சேர்ந்தது. கடைசிச் சரணத்தைக் கோயில் முழுவதும் பாடியது. நான் கையசைப்பதை நிறுத்திவிட்டேன். யாருக்கும் அது தேவைப்படவில்லை.

“நான் பாடாட்டி இவளும் வாயத் தொறக்கமாட்டா. புடிவாதக்காரி. அதான் பாடுனேன்” என்று ரெபேக்கா பின்னர் எங்களிடம் சொன்னார்.

திரும்பும்போது தேநீர்க் கடையில் வேன் நின்றது. எங்கள் வேன்காரர் முருக பக்தர். எங்கள் நெற்றிகளைப் பார்த்து, “இன்னைக்கு ஒங்களுக்கும் விபூதியா?” என்றார். பகலெல்லாம் உபவாசம் இருந்த நாங்கள் பாண் ரொட்டியைத் தேநீரில் தோய்த்துச் சாப்பிட்டபடி சிரித்தோம். அக்கா அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு அக்கா பத்து ஆண்டுகள் வாழ்ந்தார். தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் வேலை கிடைத்தது. மகளுக்குத் திருமணம் செய்துவைத்தார். கண்டிப்பு குறையவில்லை, ஆனால் குழுவிலிருந்து யாரையும் வெளியே அனுப்பவில்லை. சாம்பல் புதன்தோறும் இரத்தினபுரிக்குப் போய்ப் பாடினோம். நோய் முற்றிய பின்னும் அவர் முகத்தில் குறை தெரியவில்லை. “எல்லாம் நல்லாத்தான் நடந்துச்சு” என்று அத்தானிடம் அடிக்கடி சொன்னார். ஒரு காலை நேரத்தில், அமைதியாகக் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

வைத்தியசாலையில் பரிவோடு கவனித்த தாதியருக்கும், முறைவைத்து வந்து துணையிருந்த மலைப் பெண்களுக்கும், கடைசி மாதம் முழுவதும் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த ரெபேக்காவுக்கும், குழி வெட்டவும் பந்தல் போடவும் முதலில் வந்த மாரியம்மன் கோயில் இளைஞர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒன்று. அடக்கத்தன்று டீச்சரின் குழுவினர் இரத்தினபுரியிலிருந்து வந்தார்கள். எங்கள் தமிழ்ப் பாட்டைச் சிங்கள எழுத்தில் எழுதி ஆளுக்கொரு தாளாகக் கையில் வைத்திருந்தார்கள். எங்களால் பாட முடியாமல் போன இடங்களில், அவர்களே தமிழில் பாடி முடித்தார்கள். இந்தக் கட்டுரையைச் சிங்களத்தில் மொழிபெயர்த்து, இந்த மலரோடு அவர்களுக்கு அனுப்புகிறேன்.