குதிரை வைத்த பெருமிதம்

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பது அவருடைய வேலை. வயது ஐம்பத்தொன்று. சதுரங்கச் சங்கத்தில் சேர்ந்து ஒன்பது வருடத்தில், போட்டிகளில் ஜெயித்தது நான்கே தடவை. அதில் இரண்டு, எதிராளி வராமல் போனதால் கிடைத்தவை. இதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

அந்த ஞாயிறு எதிரே உட்கார்ந்தவர் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். காயை நகர்த்தியதும் பலகைக்குப் பக்கத்திலுள்ள கடிகாரத்தின் பொத்தானை அமுக்கினால்தான் தன் நேரம் நின்று எதிராளியின் நேரம் ஓடும். நம்மவருக்கு ஒன்பது நிமிடம் மிச்சமிருந்தபோது, ஒரு குதிரை கண்ணில் பட்டது. தூக்கி வைத்தால் ராஜாவுக்குச் செக், கூடவே ராணியும் காலி! வைத்தார். தலைகால் புரியாமல் எழுந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மற்ற மேசைகளைப் பார்வையிடப் போய்விட்டார்.

திரும்பி வந்தால், ஓட்டுநர் காயைத் தொடவே இல்லை. நெற்றியெல்லாம் வியர்வை. செருமினார். கண்ணை இடதுபக்கம் உருட்டி உருட்டிக் காட்டினார். ஆட்டத்தின் நடுவே பேசக்கூடாது என்பது விதி.

பாவம், சர்க்கரை இறங்கிவிட்டது என்று நம்மவர் முடிவு கட்டினார். இருபத்தைந்து வருட அனுபவமாயிற்றே! ஓடிப்போய்த் தண்ணீரும் ஒரு மிட்டாயும் கொண்டுவந்து வைத்தார்.

நடுவர் வந்தார். "நேரம் முடிஞ்சிடுச்சு."

நம்மவர் ஓட்டுநரின் தோளைத் தட்டினார். "விடுங்க, நல்லாத்தான் ஆடினீங்க."

"சார், முடிஞ்சது உங்க நேரம்," என்றார் நடுவர்.

அப்போதுதான் கடிகாரத்தைப் பார்த்தார். குதிரையை வைத்த வேகத்தில் பொத்தானை அமுக்கவே மறந்திருந்தார்.

"கண்ணாலயே எவ்வளவோ காட்டினேன்," என்றார் ஓட்டுநர். "ராணி போற நேரத்துல வாயத் திறக்கவும் மனசு வரல. நீங்க மிட்டாய் வேற குடுத்தீங்களா, எனக்கு நெஞ்சே அடைச்சிடுச்சு."

நம்மவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

வீட்டில் மனைவி, "என்னாச்சு?" என்றாள்.

"ஜெயிச்சேன். ஆனா தோத்துட்டேன்."

கதையைக் கேட்டுச் சிரித்து அவளுக்கு விக்கலே வந்துவிட்டது. தன் தம்பிக்குப் போன் போட்டு, இவரை மறுபடி சொல்ல வைத்தாள்.

புதன்கிழமை சங்கத்துக்கு ஓட்டுநர் வந்தார். மனசு கேட்கவில்லையாம். "அந்த இடத்துலேர்ந்தே திரும்ப ஆடலாங்க. கடிகாரமே வேணாம்."

ஆடினார்கள். ராணியை வெட்டிய பிறகும், இருபதே நகர்த்தலில் நம்மவர் சுருண்டார்.

"நல்லவேளை, அன்னிக்கு நேரம் போய்த் தோத்தேன்," என்றார் காய்களை அடுக்கிக்கொண்டே. "இல்லேன்னா ஆடித் தோத்த கெட்ட பேர் வந்திருக்கும்."