முகம் விழாத கல்யாணப் படங்கள்

என் வாயைச் சுற்றியும் இடது கன்னத்திலும் வெண்புள்ளி உண்டு. பெண் பார்க்க வந்த ராஜபாளையத்துக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தார்கள். இனி மறைக்க ஒன்றுமில்லை என்று நம்பினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் அமர்த்திய போட்டோகிராபர் சென்னையில் படித்தவர். என் மருதாணிக் கையை மட்டும் எடுத்தார். மெட்டி போட்ட காலை எடுத்தார். மண்டபத்து மாடியில் ஏறி, கீழே விழுந்த எங்கள் நிழலை எடுத்தார். முகத்தை எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டேன். தன் போனில் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைக் காட்டினார். ஒரு கை, ஒரு கண், உயரத்திலிருந்து பார்த்த தெரு. நூறு வருஷத்துக்கு முன் ஐரோப்பாவில் சிலர், ஆளை நேராக நிறுத்தி எடுக்கும் வழக்கத்தை உடைத்து இப்படியெல்லாம் எடுத்துப் பார்த்தார்களாம். இன்று இன்ஸ்டாகிராமில் எல்லோரும் போடுவது அவர்கள் போட்ட பாதைதானாம். எனக்குப் பெருமையாக இருந்தது. சொன்னபடியெல்லாம் நின்றேன்.

மறுவாரம் கணவர் அந்தப் படங்களை இன்ஸ்டாகிராமில் போட்டார். அவர் முகம் சிரித்தது. நான் கையாகவும் காலாகவும் முதுகாகவும் இருந்தேன். கவிதை மாதிரி இருக்கிறது என்று அவருடைய நண்பர்கள் எழுதினார்கள். முகத்தோடு ஒரு படமாவது வேண்டுமென்று போட்டோகிராபருக்குப் போன் செய்தேன்.

"அக்கா, உங்க முகம் விழாம எடுக்கணும்னு மாப்பிள்ள சார்தான் முதல்லயே சொல்லிட்டாவ. எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

அப்படியானால் அந்த ஐரோப்பாக் கதை?

"அது நெசந்தான்க்கா. உங்ககிட்ட வேற எப்படிச் சொல்ல?"

அன்று மத்தியானமே ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, வாயும் கன்னமும் திரை முழுக்க நிறையும்படி எடுத்து, கணவர் பெயரையும் சேர்த்துப் போட்டேன். சாயங்காலம் வந்தவர் கோபப்படவில்லை. சோறு போடச் சொன்னார். கை கழுவியபடி, "ஒங்க அம்மாகிட்ட சொல்லிருக்கேன். அவிய பேசுவாவ" என்றார்.

அம்மா பேசினாள். "தங்கச்சிக்கு மாப்பிள்ள பாக்கோம். அவளுக்கும் வருமான்னு கேக்காவ. அந்தப் படத்த அழிச்சிரு."

நான் அழிக்கவில்லை. அம்மா அதன்பிறகு போன் எடுக்கவில்லை.

எங்கள் ஊர் மடவார் வளாகத்துக் கோயிலில் நடந்த தங்கையின் நிச்சயதார்த்தப் படங்களை அன்று போனில்தான் பார்த்தேன். அப்பா, அம்மா, சித்தி, எல்லார் முகமும் தெளிவாக இருந்தது. அம்மாவுக்குப் பக்கத்தில் என் கணவர் நின்றிருந்தார். மதுரையில் வேலை இருக்கிறதென்று, நான் தேய்த்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு காலையில் கிளம்பியவர்.