சாம்பலில் ஆறாத குண்டுகள்

யுத்தத்தின் மூன்றாம் வருஷமோ நாலாம் வருஷமோ, மதுரைக் கடைத்தெருவில் ஈயம் கிடைக்காமல் போயிற்று. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் துணிக்கும் வரிசையில் நின்ற ஊர் ஈயத்துக்காக அழவில்லை. என் அக்கா வீட்டில் மட்டும் அது பெரிய குறையாக இருந்தது.

அக்காவைக் கோச்சடையில் கட்டிக்கொடுத்திருந்தோம். மச்சானுக்கு ஊரை ஒட்டிக் கொஞ்சம் வயலும், மேற்கே நாகமலை அடிவாரத்தில் இரண்டு ஏக்கர் கடலைப் புஞ்சையும் இருந்தன. மலையிலிருந்து இறங்கும் பன்றிகளுக்கு அந்தப் புஞ்சையில்தான் முதல் பந்தி. விடியும் முன் வந்து, ஏர் பூட்டியவன்கூட உழாத மாதிரி உழுதுவிட்டுப் போகும். அவற்றை விரட்ட மச்சானிடம் அவருடைய அப்பா காலத்துத் துப்பாக்கி ஒன்று இருந்தது. குழல் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, குண்டை வைத்து, இரும்புக் கம்பியால் இடித்துக் கெட்டிக்கிற ரகம். வெள்ளாமைக் காவலுக்கென்று லைசென்ஸ் வாங்கியது.

குழலுக்குள் முறுக்குப் பள்ளம் ஓடும் என்பதால் அந்தத் துப்பாக்கிக்குக் குண்டு விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதம். மெலிந்த குண்டு போட்டால் சுட்ட இடத்துக்குப் போகாது. பெருத்த குண்டு உள்ளேயே இறங்காது. குண்டு அளவாகவும் இருக்க வேண்டும், பள்ளத்துக்கு வளைந்துகொடுக்கிற மெதுவும் வேண்டும். ஈயம் கிடைத்தவரை அந்தக் கவலை இல்லை. கிடைக்காமல் போனதும் மச்சானின் கண் என் மேல் விழுந்தது.

நான் டவுனில் ஓர் அச்சாபீஸில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, நோட்டீஸ். எழுத்தைத் தலைகீழாகப் படித்துப் பழகியவன், அதனால் உலகத்தையும் நேராகப் பார்க்கத் தெரியாதவன் என்று என் அம்மா சொல்வாள். எனக்குப் பொறுமை கிடையாது. சோறு வேகும்வரை உட்கார முடியாமல் அரைவேக்காட்டைத் தின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தவன் நான். 'பதறாத காரியம் சிதறாது' என்பதை அம்மா எனக்காகவே சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டாள்.

தேய்ந்து உடைந்த எழுத்துகளை அச்சாபீஸில் ஒரு தகர டப்பாவில் போட்டுவைத்து மறுபடி உருக்குவோம். உருக்குகிறவர் எனக்கு வேண்டியவர். கேட்டதும் ஒரு பிடி அள்ளிக் கொடுத்தார், கூடவே எச்சரித்தார்.

"இது சும்மா ஈயமில்ல தம்பி, கலப்பு. உருக்கித் தண்ணியில போட்டீன்னா ஒரே நாள்ல கல்லாப் போயிரும். கங்குச் சாம்பல்ல பொதச்சு வச்சு, தானா ஆறவிடணும். அப்பத்தான் மெதுவா இருக்கும்."

அதன் பிறகு மாதம் ஒருமுறை சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து கோச்சடைக்கு நடப்பேன். அக்கா வீட்டுப் பின்கட்டில் வேலை. எழுத்துகளோடு பழைய மீன்வலை ஈயக் குண்டுகளைச் சேர்த்து இரும்புக் கரண்டியில் உருக்குவேன். ககரமும் ழகரமும் காலை மடக்கி உட்கார்ந்து, பிறகு பளபளவென்று ஒரே குளமாகிவிடும். இடுக்கி மாதிரி இருக்கும் குண்டு அச்சில் ஊற்றி எடுத்து, அக்காவின் அடுப்பில் கங்கோடு சாம்பலுக்குள் புதைத்துவிட்டு அங்கேயே படுத்துக்கொள்வேன். ஞாயிறு காலையில் அக்கா சாம்பலை அள்ளும்போது சலித்துக் குண்டுகளைப் பொறுக்கித் தருவாள். பாத்திரம் துலக்க அவளுக்குச் சாம்பல் வேண்டும், எனக்குக் குண்டு வேண்டும். பிறகு ஒவ்வொன்றையும் இரும்பு வளையத்தின் மேல் வைத்து மரச் சுத்தியால் தட்டி, மறுபக்கம் விழவைப்பேன். வளையத்தைத் தாண்டியது குழலுக்குச் சரியான அளவு. கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் கோடு விழ வேண்டும். விழுந்தால் பதம்.

"மாப்ள அச்சுல கைவச்சா தப்பாது" என்பார் மச்சான். எனக்குப் பெருமையாக இருக்கும்.

அந்தச் சனிக்கிழமை நான் போனபோது மச்சான் வீட்டில் இல்லை. கடலை முற்றியிருந்தது, புஞ்சையில் பரண் கட்டி அங்கேயே தங்கியிருந்தார். அக்கா புல்லறுக்கப் போயிருந்தாள். எனக்கோ டவுனில் சாயங்கால ஆட்டத்துக்குக் கூட்டாளி காத்திருந்தான். அச்சாபீஸ் முழுவதும் அந்தப் படத்தைப் பற்றித்தான் ஒரு வாரமாகப் பேச்சு. நான் மட்டும் பார்க்கவில்லை. அதற்குத்தான் அவ்வளவு அவசரம். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதற்குத்தான்.

உருக்கினேன், வார்த்தேன், அடுப்படியில் இருந்த மண்சட்டித் தண்ணீரில் ஒவ்வொன்றாகப் போட்டேன். சொய், சொய் என்று சத்தம் கேட்டது. அரைமணி நேரத்தில் பதினெட்டுக் குண்டும் ஆறிவிட்டன. வளையத்தில் வைத்துத் தட்டினேன். கொஞ்சம் முரண்டுபிடித்தன, ஓங்கித் தட்டியதும் தாண்டிவிட்டன. தாண்டியபின் என்ன கேடு என்று சுருக்குப் பையில் போட்டு ஆணியில் மாட்டினேன். நகத்தால் அழுத்திப் பார்த்ததாக ஞாபகம் இல்லை. பார்த்திருந்தாலும் அப்போது கோடு விழுந்திருக்கலாம், அந்தக் கலப்பு கல்லாக ஒரு நாள் எடுக்கும்.

புல்லுக்கட்டோடு அக்கா எதிரே வந்தாள்.

"ராவு தங்கலையாடா?"

"வேலை இருக்குக்கா. குண்டெல்லாம் பையில இருக்கு, மச்சான்கிட்டச் சொல்லிரு. வாரேன்."

ஆரப்பாளையம்வரை ஓட்டமும் நடையுமாகப் போய் ஜட்கா பிடித்தேன். படம் நன்றாகத்தான் இருந்தது.

புதன்கிழமை காலை பத்து மணி இருக்கும். ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். கோச்சடையிலிருந்து மச்சானின் பக்கத்து வயல்காரர் சைக்கிளில் வந்து வாசலில் நின்றார்.

"ஒங்க மச்சானுக்குத் துப்பாக்கி வெடிச்சிருச்சு. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கு. உசுருக்கு ஒண்ணுமில்ல, கைதான்."

இடக்கை. மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது துணிப்பொட்டலமாகச் சுற்றி, நெஞ்சின் மேல் வைத்திருந்தது. கட்டிலோரம் தரையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். அவள் சேலை முந்தானையெல்லாம் கறை.

இரண்டு நாள் கழித்து மச்சான் என்னிடம் பேசினார். விடியக்கருக்கலில் பன்றி இறங்கியிருக்கிறது. முதல் குண்டு போயிற்று, படவில்லை. மறுபடி மருந்து போட்டுக் குண்டைக் கெட்டித்திருக்கிறார். முதல் வெடியின் கரி குழலில் படிந்திருக்க, இரண்டாவது குண்டு பாதியில் நின்றிருக்கிறது. இவர் கம்பியால் இடித்ததும், இனி இறங்காது என்று கை உணர்ந்ததை 'அடியில் உட்கார்ந்துவிட்டது' என்று எடுத்துக்கொண்டார். குண்டுக்கும் மருந்துக்கும் நடுவில் இடம் விழுந்தால் குழல் வெடிக்கும் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதற்காகவே கம்பியில் அரத்தால் ஒரு கோடு இழைத்திருந்தார். குண்டு சரியாக உட்கார்ந்தால் அந்தக் கோடு குழல் வாய்க்கு நேராக நிற்கும்.

"கோட்டப் பாக்காமப் போனேன் மாப்ள. இம்புட்டுத் தூரத்துல பன்னி நிக்கிது, கோட்ட எங்க பாக்க. எந்தப்புத்தான். எந்தலையெழுத்து."

எழுத்துக் கோக்கிறவனிடம் தலையெழுத்து என்றார். நான் தலையை ஆட்டினேன்.

அன்று சாயங்காலமே கோச்சடைக்குப் போனேன். பை ஆணியில் இல்லை, புஞ்சையிலிருந்து கொண்டுவந்த சாமான்களோடு மூலையில் கிடந்தது. மிச்சக் குண்டுகளை எடுத்து ஒவ்வொன்றையும் நகத்தால் அழுத்தினேன். நகம்தான் மடங்கியது. ஒன்றில்கூடக் கோடு விழவில்லை. மெதுவான குண்டாக இருந்தால் கரி படிந்த குழலிலும் இடிக்க இடிக்க நசுங்கி இறங்கியிருக்கும். குண்டு கல்லாகிப்போனது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அவர் பார்க்காமல் விட்டது ஒரு கோடு. அந்தக் கோட்டைப் பார்க்க வேண்டிய நிலைமைக்கு அவரைக் கொண்டுவந்தவன் நான்.

பையை இடுப்பில் செருகிக்கொண்டு போய், மறுநாள் அச்சாபீஸ் கொப்பரையில் அத்தனையையும் கொட்டிவிட்டேன். அவை எந்த எழுத்தாக வந்தனவோ, எத்தனை பத்திரிகையில் அவற்றை நானே கோத்தேனோ.

சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். புண் ஆறட்டும் என்று ஒத்திவைத்தேன். புண் ஆறியதும், வீடு திரும்பட்டும் என்றேன். வீடு திரும்பியபின், இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. குண்டு உருக்கப் பொறுமை இல்லாதவனுக்கு இதை ஒத்திவைக்க மட்டும் எத்தனை பொறுமை.

வெடித்த துப்பாக்கியைத் தாலுகா ஆபீஸில் ஒப்படைத்தார்கள். பன்றி விட்டுவைத்த கடலையை ஆள்விட்டுப் பிடுங்கினார்கள், அடுத்த வருஷம் புஞ்சையை வேறொருவருக்கு வாரத்துக்கு விட்டார்கள். வயலில் மச்சான் மடை திறப்பார், மாடு பிடிப்பார், வரப்பில் நின்று சத்தம் போடுவார். ஆனால் வேட்டி கட்ட அவருக்கு வரவில்லை. தினமும் காலையில் அக்கா கட்டிவிடுவாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒருமுறை நான் எதேச்சையாக உள்ளே போய் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு காலை நேரத்தில் அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்திக்கொண்டேன்.

கை போனதைப் பற்றி யாராவது கேட்டால் மச்சான் அதே கதையைச் சொல்வார். கோட்டைப் பார்க்காமல் போனேன் என்பார். நான் பக்கத்தில் இருந்தால், "மாப்ள உருக்குன குண்டுல குத்தமில்ல" என்று சேர்த்துக்கொள்வார். அவர் அதைச் சொல்லாமல் இருந்தால் போதும் என்று எத்தனையோ தடவை வேண்டியிருக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனைப் பார்த்து ஊர் சிரிக்கும். நான் மறைத்தேன், என்னைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய வேதனையாக இருந்தது.

யுத்தம் முடிந்து, சுதந்திரமும் வந்தபின் ஒரு மழைக்காலத்தில் மச்சான் விஷக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். கருமாதி முடிந்த மறுநாள், வந்தவர்கள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். பின்கட்டில் அக்கா பெரிய பெரிய பாத்திரங்களைப் போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தாள். நான் வாளியில் தண்ணீர் இறைத்துக் கொண்டுவந்து வைத்தேன். சாம்பலைத் தொட்டு ஒரு செம்பைத் தேய்த்தபடியே, தலையைத் தூக்காமல் அவள் சொன்னாள்.

"அந்தச் சனிக்கெழம நீ குண்டச் சாம்பல்ல போடல."

எந்தச் சனிக்கிழமை என்று கேட்கவில்லை.

"ஆருக்கா சொன்னா?"

"ஆரு சொல்லணும். மறுநா காலையில அடுப்பு அள்ளுனவ நான்தான. சலிச்சுப் பாத்தேன், ஒண்ணுமில்ல. சட்டித் தண்ணிக்கு அடியில ஈயத்துணுக்கு மின்னுச்சு."

"மச்சான்கிட்ட ஏங்க்கா சொல்லல?"

"அவரு வந்ததும் பையத் தூக்கிப் பாத்து, சாம்பல்ல ஆறுச்சான்னு கேட்டாரு. ஆமான்னுட்டேன். நீ தங்காமப் போனது தெரிஞ்சா திட்டுவாரு. ஏந்தம்பி திட்டு வாங்கக் கூடாதுன்னு நெனச்சேன். அம்புட்டுத்தான்."

நான் அவளுக்கு மறைத்ததாக நினைத்துக்கொண்டிருந்த வருஷங்கள் முழுவதும் அவள் எனக்கு மறைத்துக்கொண்டிருந்தாள். அழுகை வந்தது, அழுதேன். அவள் அழவில்லை. செம்பைத் திருப்பி அடிப்பாகத்தைத் தேய்த்தாள்.

"எனக்குக் கை போனதுகூட ஆறிப்போச்சுடா. கடேசி அன்னைக்குக் காச்ச வேகத்துல பெனாத்துறாரு, கோட்டப் பாக்கலயே, கோட்டப் பாக்கலயேன்னு. இல்லங்க, அது ஒங்க தப்பில்லன்னு சொல்ல நாம ரெண்டு பேரு இருந்தோம். நான் அவரு தலைமாட்டுல இருந்தேன், நீ கால்மாட்டுல இருந்த. ஒருத்தருஞ் சொல்லல."

அவள் துலக்கிய செம்பை என் பக்கம் நீட்டினாள்.

"தண்ணி ஊத்து" என்றாள்.

ஊற்றினேன்.