கார் மூச்சு வாங்கும் இடம்

ஞாயிற்றுக்கிழமை செப்பாங் பந்தயத் தடத்தில் ஓட வேண்டிய காருக்குப் புதன்கிழமை காலையில் சக்தி குறைந்துபோனது. எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தக் காரைப் பார்த்துப் பார்த்துச் செய்தவள் நான். எனக்கே தெரியவில்லை என்றால் வேறு யாரைப் போய்க் கேட்பது?

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் கல்யாணங்களுக்குப் போனால் பந்தியில் பக்கத்து இலைக்கார அம்மா என் வேலையை விசாரிப்பார். கார் கடையில் என்றதும், "கணக்கு எழுதுறீங்களா?" என்பார். இல்லம்மா, கார் வேலைதான் பாக்குறேன் என்பேன். உடனே என் கையைப் பார்ப்பார், நகத்தைப் பார்ப்பார், பிறகு சாம்பார் கேட்கத் திரும்பிக்கொள்வார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பெட்டாலிங் ஜெயாவில் தொழிற்சாலைகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் கடைக்கு வருவதெல்லாம் ஏற்கெனவே வேகமாக ஓடுகிற கார்கள்தான். ஓட்டுகிறவர்களுக்கு அது போதாது. எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற பெரிய டர்போ போடுவோம், அகலமான பைப் போடுவோம். எல்லாம் மாட்டிய பிறகு, இவ்வளவு காற்றுக்கு இவ்வளவு பெட்ரோல் என்று எஞ்சினின் கம்ப்யூட்டருக்குப் புதிதாகப் பாடம் சொல்லித் தர வேண்டும். அந்த வாத்தியார் வேலை என்னுடையது. ஒரு லேப்டாப், இரண்டு காது, அவ்வளவுதான் என் ஆயுதம்.

நிஜ வாத்தியார் என் வீட்டுக்காரர். கிள்ளானில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். கார் ஓட்டத் தெரியாது, லைசென்ஸ் எடுக்கவும் மாட்டேன் என்றுவிட்டார். சாப்பாட்டு மேசையில் நான் அன்றைக்கு வந்த கார்களைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பேன். அவர் பிள்ளைகளின் கட்டுரை நோட்டைத் திருத்திக்கொண்டே "ம்" போடுவார். சுவரிடம் பேசினாலும் இந்த "ம்" வரும் என்று எத்தனையோ முறை சண்டை பிடித்திருக்கிறேன்.

கடையில் இன்னொரு பங்காளி உண்டு. சீனர், என்னைவிட மூத்தவர். நான் அவரை பாஸ் என்பேன், அவர் என்னை பாஸ் என்பார். யார் உண்மையான பாஸ் என்பது இன்னும் முடிவாகவில்லை. நாங்கள் பேசிக்கொள்வது மலாயும் ஆங்கிலமும் கலந்த பேச்சு. எங்களுக்குள் தீராத வழக்கு ஒன்றே ஒன்றுதான். டைனோ அறையில் புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் பெரிய ஃபேன் போட வேண்டும் என்பார் அவர். டைனோ என்பது காரை உருளைகள் மேல் ஏற்றிக் கட்டி, நின்ற இடத்திலேயே முழு வேகத்தில் ஓடவிட்டுச் சக்தியை அளக்கும் எந்திரம். அந்தச் சின்ன அறைக்குள் ஃபேன் ஊளையிட்டால் எஞ்சின் சத்தம் எனக்குக் கேட்காது. சத்தம் கேட்காமல் நான் என்ன டியூன் பண்ணுவது? மாட்டவே கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

அப்படி நின்றதற்குப் பலன், கொஞ்ச நாளாக மாடிப்படி ஏறினால் எனக்கு மூச்சு வாங்கியது. பிரிக்பீல்ட்ஸ் கிளினிக்கில் டாக்டரம்மா நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, "ஆஸ்துமா. இந்தப் புகையில இனிமே வேலை பாக்காதீங்கக்கா, வேற எதாச்சும் பாருங்க" என்று சொல்லி, வாயில் வைத்து இழுக்க நீலப் பம்பு ஒன்றைக் கொடுத்தார். வேற எதாச்சும் என்றால் எது? கேக் சுட்டு விற்கவா? பம்பை லேப்டாப் பைக்குள் அடியில் போட்டேன். வீட்டில் மூச்சு விடவில்லை.

ஆனால் அந்தப் பேச்சு மனதை அரித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எனக்குள்ளேயே ஒரு பந்தயம் கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடையின் காரை, வாடிக்கையாளர்கள் பார்க்க, நான்தான் ஓட்டப்போகிறேன். அது நான் சொன்னபடி ஓடினால் இந்த வேலைக்கு நான் இன்னும் லாயக்கு. ஓடவில்லையா, லேப்டாப்பை பாஸ் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டியது.

திங்கட்கிழமை கார் டைனோவில் பிரமாதமாக ஓடியது. புது ஏர் ஃபில்டரும் என் கையாலேயே போட்டேன். சாதாரணச் சாலையில் எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று கிள்ளான் வீட்டுக்கு எடுத்துப்போய் செவ்வாய் முழுக்க வாசலில் நிறுத்தியிருந்தேன். புதன்கிழமை காலை கூட்டரசு நெடுஞ்சாலையில் ஒரு லோரியைத் தாண்ட மிதித்தேன். கார் எழுந்திருக்கவே இல்லை. மெதுவாகப் போனால் ஒரு குறையும் இல்லை. அழுத்தி மிதித்தால் மட்டும் சோம்பல். லோரிக்காரன் ஹார்ன் அடித்துச் சிரித்துக்கொண்டே போனான்.

முதலில் கார் மேல் சந்தேகமே வரவில்லை. என் மேல்தான் வந்தது. வயசாகிவிட்டதா? காலில் பலம் இல்லையா? கடையில் டைனோவில் ஏற்றினோம். திரையில் கோடு பாதி மலை ஏறிவிட்டு அப்படியே படுத்துக்கொண்டது.

பிறகு தொடங்கியது கூத்து. டர்போவைப் பார்த்தோம், நன்றாக இருந்தது. பிளக்கை மாற்றினோம். பெட்ரோலை வடித்துவிட்டு வேறு ஊற்றினோம். கறுப்புக் காற்றுப் பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்தோம், ஃபில்டர் மேலே வெள்ளை வெளேரென்று இருந்தது, மூடிவிட்டோம். இதில் பெரிய கொடுமை, லேப்டாப்பில் ஒரு தப்பும் இல்லை. உள்ளே போகும் காற்றுக்குச் சரியாகப் பெட்ரோல் போகிறது. எல்லாம் சரி. எல்லாம் சரியென்றால் சக்தி எங்கேடா போச்சு என்று அந்தத் திரையைப் பார்த்துக் கத்தினேன். அது என்ன பதில் சொல்லும்?

போதாக்குறைக்கு ஒரு வாசனை. பானெட்டைத் திறந்தால் எலுமிச்சை வாசனை அடித்தது. சூடான எஞ்சினில் எண்ணெய் நாறும், ரப்பர் நாறும். எலுமிச்சை எங்கிருந்து வந்தது?

"பாஸ், உங்களுக்கு லைம் வாசனை வருதா?" என்று கேட்டேன்.

நாளெல்லாம் சிகரெட் குடிக்கிற மனிதர். குனிந்து முகர்ந்து பார்த்தார். "நோ லா. யூ லாப்பார், இஸ் இட்? கோ மாக்கான்."

எனக்குப் பசி இல்லை. பயம்தான். காது போச்சு, கை போச்சு, இப்போது மூக்குமா? கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பம்பை இழுத்தேன். கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

வியாழக்கிழமையும் அதே கதை. எழுதியதை அழித்தேன், அழித்ததை மறுபடி எழுதினேன். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் லேப்டாப்பை பாஸ் பக்கம் தள்ளிவைத்தேன். "நீங்க பாருங்க. என்னால முடியல" என்றேன். இந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்து அவர் கேட்டதே இல்லை. அவர் திங்கட்கிழமைப் பாடத்தையே திரும்ப ஏற்றி ஓடவிட்டுப் பார்த்தார். கோடு அதே இடத்தில் படுத்துக்கொண்டது. அவர் தலையைச் சொறிந்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

அப்போதுதான் வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்தது. பள்ளி நேரத்தில் போன் செய்கிற ஆளே இல்லை.

"சாப்ட்டியா?"

"இல்ல. என்ன, சொல்லுங்க."

"காரு எப்படி இருக்கு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த மனிதர் எந்தக் காரையும் நலம் விசாரித்ததில்லை.

"ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான். ஒனக்கு இப்ப மூச்சு பரவால்லியா?"

"எந்த மூச்சு? யாரு சொன்னா ஒங்களுக்கு?"

பின்னால் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வது கேட்டது.

"அந்தக் கறுப்புப் பெட்டிய மட்டும் தொறந்துடாத. அமாவாச வரைக்கும் தொறக்கக் கூடாதாம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நான் பேய் முழி முழித்தேன். கறுப்புப் பெட்டியா? பிறகு ஓடினேன். காற்றுப் பெட்டியின் கிளிப்புகளைத் தட்டிவிட்டு, மூடியைத் தூக்கி, அந்தப் புது ஃபில்டரையும் உருவினேன். அடியில், வெளிக்காற்று வந்து நுழைகிற பள்ளத்தில், மஞ்சள் துணி ஒன்று கிடந்தது. ஓரத்தில் வாடிய எலுமிச்சம்பழம். ஃபில்டரின் கீழ்ப்பக்கம் முழுக்கத் திருநீறு அப்பியிருந்தது.

செவ்வாய்க்கிழமை கார் வாசலில் நின்றபோது முடிச்சாக வைத்திருக்கிறார். கார் ஓடிய அதிர்வில் அவிழ்ந்திருக்கிறது. அழுத்தி மிதிக்கும்போதெல்லாம் காற்று இழுத்த இழுப்பில் துணி எழும்பி ஃபில்டரை அடைத்திருக்கிறது. நிறுத்தியதும் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி கீழே விழுந்து படுத்துக்கொண்டது. எலுமிச்சை வாசனை நிஜம்தான், என் மூக்கு நன்றாகத்தான் இருந்தது.

பாஸ் அந்தப் பழத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "திஸ் ஒன், வாட் மோட்?" என்றார், நான் புதிதாக மாட்டிய ஏதோ பாகம் என்று நினைத்து. எனக்குச் சிரிப்பதா, யாரையாவது அடிப்பதா என்று தெரியவில்லை.

பள்ளி விட்டதும் வாத்தியார் ரயிலேறி நேராகக் கடைக்கே வந்துவிட்டார். நோட்டுப் புத்தகப் பையோடு, பளபளக்கும் கறுப்புச் சப்பாத்தோடு, எண்ணெய்த் தரையில் கால் வைக்க இடம் தேடி நின்றார். நான் மஞ்சள் துணியை அவர் முகத்துக்கு நேராக ஆட்டினேன்.

"இது என்னா? மூணு நாளா நான் பைத்தியக்காரி மாதிரி சுத்திக்கிட்டு இருக்கேன். என்னா இது?"

"தொறக்காதன்னு சொன்னேனே."

"வாத்தியாரே!"

"நம்ம கிள்ளான் கோயில் பூசாரிகிட்ட ஒனக்காகக் கேட்டு வாங்குனேன். எங்க மூச்சு வாங்குதோ அங்க வைங்கன்னாரு."

"அதுக்கு?"

"நீதான எப்பவும் சொல்லுவ, காரு மூச்சு வாங்குற எடம் இந்தப் பெட்டின்னு."

பூசாரி சொன்னது இளைப்பை. என் நெஞ்சு எங்கே இளைக்கிறதோ, அந்தப் படுக்கையில், தலைமாட்டில் வைக்கச் சொல்லியிருக்கிறார். தமிழ் வாத்தியாருக்கு இந்த அர்த்தம் தெரியாதா? தெரியும். வீட்டில் என் பேச்சைக் கேட்டுக் கேட்டு, அவருக்கு மூச்சு வாங்குவது என்றாலே காரின் கறுப்புப் பெட்டிதான் முதலில் வந்திருக்கிறது.

"தலமாட்டுல வெச்சா நீ தூக்கிப் போட்டுருவ. காருல இருந்தா நாள் முழுக்க ஒன்கூடத்தான இருக்கும்" என்றார்.

"பெட்டிய எப்படித் தொறந்தீங்க? ஒங்களுக்கு பானெட்டே தொறக்கத் தெரியாதே?"

"ஏன் தெரியாது? மொதல்ல பின்பக்கத்து கிளிப்பு, அப்புறம் முன்பக்கம். மூடிய நேரா தூக்கக் கூடாது, சாச்சு எடுக்கணும், இல்லன்னா வயரு அந்துரும். நீதான அன்னைக்கு ரசம் ஊத்தும்போது சொன்ன."

அத்தனை வருஷத்து "ம்" எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து என் மேல் விழுந்தது. நான் பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்தேன்.

"எனக்கு ஆஸ்துமான்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நீ தூங்குறப்ப விசில் மாதிரி சத்தம் வருது. முன்ன வராது. சத்தம் மாறுனா உள்ள எங்கியோ அடச்சிருக்குன்னு நீதான சொல்லுவ." பையைத் தரையில் வைக்க மனமில்லாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். "நீயா சொல்லுவன்னு இருந்தேன். நீ சொல்லல."

எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை, ஆனால் அந்த மனிதர் மேல் வந்த பாசத்தில் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பாஸுக்குத் தமிழ் தெரியாது. இருந்தாலும் சிகரெட்டை அணைத்துவிட்டுக் கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

துணியை எடுத்துவிட்டு, வேறு ஃபில்டர் போட்டுக் காரை ஓடவிட்டோம். கோடு எங்கும் படுக்காமல் நேராக உச்சிக்கு ஏறியது. பாஸ் கையைத் தட்டினார். அப்படியென்றால் என் காதும் கையும் ஒன்றும் ஆகவில்லை, நான் இந்த வேலைக்கு இன்னும் லாயக்குதான். சந்தோஷமாகக் கத்த வாயைத் திறந்தேன். புகை உள்ளே போய் இருமல்தான் வந்தது. குனிந்து நின்று இருமினேன். கழிவறைக்கு ஓடவில்லை. பையின் அடியிலிருந்து பம்பை எடுத்து, வீட்டுக்காரர் பார்க்க, அங்கேயே இழுத்தேன்.

நிமிர்ந்து பாஸைப் பார்த்தேன். "ஃபேன் போட்டுருங்க" என்றேன்.

அவர் வாயைப் பிளந்தார். அதற்குள் வீட்டுக்காரர் பதறிக்கொண்டு, "ஃபேனு போட்டா ஒனக்கு எஞ்சின் சத்தம் கேக்காதே" என்றார்.

"கேக்காட்டி லேப்டாப்புல பாத்துக்குறேன். நீங்க என் சத்தத்தக் கேளுங்க, போதும்."

ஞாயிற்றுக்கிழமை கார் நான் சொன்னபடி ஓடியது. ஃபேன் இப்போது டைனோ அறையில் ஊளையிடுகிறது, நானும் அதைத் திட்டிக்கொண்டே வேலை பார்க்கிறேன். வாத்தியார் பூசாரியிடம் புதிதாக ஒரு முடிச்சு வாங்கி வந்து, என் கையாலேயே தலையணைக்கு அடியில் வைக்கச் சொன்னார், வைத்தேன். இப்போது இளைப்பு குறைந்திருக்கிறது. பம்பினாலா, ஃபேனினாலா, முடிச்சினாலா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. வாத்தியாரைக் கேட்டால் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் "ம்" என்கிறார். சிவப்புப் பேனா மட்டும் கொஞ்சம் நிற்கிறது, நான் ஒரு தடவை மூச்சு விட்டு முடிக்கும் வரை.