அழிக்காதே என்றாலும் குற்றமா?

போன சனிக்கிழமை, அரை நாள் வேலை முடிகிற நேரம். ஈப்போவில் எங்கள் அலுவலகக் கம்ப்யூட்டர் அறையில் சரோஜா அக்கா என்னை முறைத்தார் பாருங்கள்... அந்த ஏர்கண்டிஷனிலும் எனக்கு வியர்த்துவிட்டது.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டருக்கு நாங்கள் வரிசையாகக் கட்டளைகள் எழுதிக் கொடுப்போம். ஷெல் ஸ்கிரிப்ட் என்று பெயர். முன்பு யாரோ எழுதிய ஒன்று, சரக்கு விவரத்தையெல்லாம் துடைத்துவிட்டது. உடனே பாஸ் என்னிடம், ஸ்கிரிப்ட்களைச் சோதிக்க ஒரு காவல்கார புரோகிராமைக் கேட்டார். எழுதினேன். அழிக்கும் கட்டளையின் பெயர் எங்கே தென்பட்டாலும் அவன் கத்துவான். அவன் சரி என்று சொல்லாமல் எந்த ஸ்கிரிப்டையும் ஓட்டக்கூடாது — பாஸ் உத்தரவு.

கிளம்புவதற்கு முன் அக்கா ஓட்டியாக வேண்டிய ஸ்கிரிப்டைப் பார்த்தும் கத்தினான்.

அக்கா எதையும் அழிக்கவில்லை. பின்னால் வருபவர்களுக்காக, ‘இங்கே அந்தக் கட்டளையைப் போடாதீர்கள்’ என்று பெயரைச் சொல்லிக் குறிப்பு எழுதியிருந்தார். அவ்வளவுதான்.

கீழே அவருடைய கணவர் விடாமல் ஹாரன் அடித்தார். லூமுட் போய், பங்கோர் தீவுக்கு ஃபெரி பிடிக்க வேண்டும். சின்ன மகள் காருக்குள்ளேயே இடுப்பில் நீச்சல் வளையத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, அந்தக் குறிப்ப மட்டும் எடுத்துடுங்க. உடனே போலாம்," என்றேன்.

"எடுத்துட்டா, அடுத்து வாரவன் அங்கதான் கைய வைப்பான். தப்பு ஒன் புரோகிராம் மேல. அத சரி பண்ணு லா."

"ஃபெரி போயிருமே அக்கா..."

"போனா, பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு ஒன் வீட்டுக்கு வாரேன்."

என் விரல்கள் பறந்தன.

‘திருடன், திருடன்’ என்று கத்துகிறவரையே பிடித்து உதைக்கிற ஆட்கள் இல்லையா? அப்படி ஒருவனைத்தான் நான் காவலுக்கு வைத்திருக்கிறேன். போதாக்குறைக்கு, எச்சரித்தவரையே வாயை மூடச் சொல்கிறேன். வெட்கமாக இருந்தது.

குறிப்பு வரிகளை விட்டுவிடு என்று சேர்த்தேன். மறுபடியும் கத்தினான். திரையில் காட்டுவதற்காக மேற்கோள் குறிக்குள் இருந்த ஒரு வாசகம்! அதையும் விடு என்றேன். இந்த முறை அவன் கத்தவில்லை.

அக்கா கைப்பையோடு கதவருகே நின்றார். "எங்க எல்லாருதையும் பாத்தான். ஒன்னோடத பாத்தானா?"

பார்க்கவில்லை. காவல்காரனும் ஒரு ஸ்கிரிப்ட்தானே? கார் கிளம்பியதும், அவனையே அவனிடம் கொடுத்தேன். ஒரே ஒரு புகார். குறிப்பு இல்லை, வாசகம் இல்லை — நிஜமான அழிக்கும் கட்டளை, தற்காலிகக் கோப்புகளைத் துடைக்க என் கையால் எழுதியது. இடம் மாறி வேறு ஃபோல்டரில் ஓட்டினால், அங்கிருப்பதையெல்லாம் துடைத்துவிடும்.

திருத்தி முடிக்க மூன்று மணியாகிவிட்டது. நல்லவேளை... அக்கா அதற்குள் ஃபெரி ஏறியிருப்பார்.