மூன்றாம் பாட்டில் ஒரு பேச்சு

அமெரிக்காவின் டொலீடோ நகர பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த வெர்ன் ஹேஸ்கலைச் சிரிக்க வைப்பதைவிட, பனிக்காலத்தில் பழைய எஞ்சினைக் கிளப்புவது சுலபம். அவனுக்கு இருந்த ஒரே பைத்தியம் ‘ரஸ்டி லான்டர்ன்’ என்ற பாட்டுக்குழு. அவர்கள் எந்த ஊரில் மேடை ஏறினாலும், நீளக் கம்பத்தின் உச்சியில் இரண்டு மைக்குகளைக் கட்டித் தூக்கிக்கொண்டு போய் நிற்பான். பதிவு செய்து கொள்ளுங்கள், விற்காதீர்கள், கேட்டவருக்கெல்லாம் கொடுங்கள் என்று குழுவே சொல்லியிருந்தது. முதலில் கேசட்டுகள் தபாலில் போயின. இன்டர்நெட் வந்ததும் ரசிகர்கள் வீட்டு போனை மோடத்துக்குத் தாரை வார்த்துவிட்டு, நாள் முழுக்கப் பாட்டு ஏற்றினார்கள்.

மைக் பக்கத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் வெர்ன் “ஷ்ஷ்!” என்று சீறுவான். டயரில் காற்று இறங்குகிற மாதிரியே இருக்கும். அதனால் ரசிகர் கூட்டத்தில் அவன் பெயர் ‘பஞ்சர்’.

அவன் மனைவி டார்லீன் ஒரு பேக்கரியில் கல்லாவில் நின்றவள். ரொட்டி வாங்க வந்தவன் தன் குடும்பக் கதை முழுவதையும் கொட்டிவிட்டுத்தான் போக முடியும், அப்படிப்பட்ட பேச்சுக்காரி. வெர்னோடு ஒரே ஒரு முறை, கொலம்பஸ் நகரத்துக் கச்சேரிக்கு வந்தாள். மூன்றாவது பாட்டு மெல்ல ஆரம்பித்தபோது சாய்ந்து என்னவோ சொன்னாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் சீறினான். வீடு வந்து சேரும்வரை அவள் பேசவில்லை. இந்தச் சங்கீதமெல்லாம் அவளுக்கு ஆகாது என்று அவனாகவே முடிவு கட்டி, அப்புறம் கூப்பிடவேயில்லை.

கம்ப்யூட்டர் திரையில் சத்தம் மேடும் பள்ளமுமாகத் தெரியும். அவள் பேச்சு ஒரு சின்ன மேடு. காது கொடுத்துக் கேட்கக்கூடப் பொறுமையில்லாமல் கண்ணளவிலேயே அதை வெட்டி எறிந்தான், மூலநாடாவிலும் அதை அழித்து அதன்மேலேயே அடுத்த கச்சேரியைப் பிடித்தான். “ஒரு இருமல்கூட இல்ல, பஞ்சர்!” என்று எல்லாரும் கொண்டாடினார்கள்.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு பிப்ரவரியில், மூளையில் ரத்தக்குழாய் வெடித்து டார்லீன் கல்லாவிலேயே சரிந்தாள். அவள் போன பிறகுதான் வெர்ன் வீடு முழுக்கத் தேடினான். போனில் பதில் சொல்லும் கருவியிலும் இருந்தது அவன் குரல்தான். ஊர் ஊராகப் போய் யார் யார் குரலையோ பிடித்து வந்தவனிடம் பெண்டாட்டி குரல் இல்லை.

ரசிகர்களின் மின்னஞ்சல் குழுவுக்கு எழுதினான்: “கொலம்பஸ் பதிவு, வெட்டாதது யார்கிட்டயாவது இருக்கா?”

“என்னடா பஞ்சர், நீயே கொட்டுன குப்பையை நீயே கிளறுறியா?” என்றான் ஒருத்தன்.

பாய்சி நகரத்து நோரீன் மட்டும் தனியாக எழுதினாள்: “என்கிட்ட இருக்கு வெர்ன். அப்ப என்கிட்ட கம்ப்யூட்டர் இல்லன்னு எனக்கு மட்டும் கேசட் அனுப்புனியே, கச்சேரி முடிஞ்ச மறுநாளே, நீ வெட்டுறதுக்கு முன்னாடி.”

“காலி கேசட்டும் தபால்தலையும் அனுப்பி வைக்கிறேன்.” கேட்பவர் இரண்டையும் அனுப்புவதுதான் அவர்கள் வழக்கம்.

“உன் பதிவுக்கு உன்கிட்டயே தபால்தலையா? சும்மா இரு.”

கேசட் வந்தது. சமையலறை மேஜையில் வைத்து ஓட விட்டான். மூன்றாவது பாட்டு. காதோரத்திலேயே டார்லீன்: “வெர்ன், இது ரொம்ப நல்லாருக்கு. அடுத்த தடவையும் என்னைக் கூட்டிட்டுப் போ—”

“ஷ்ஷ்!”

அப்புறம் வெறும் பாட்டு. “கூட்டிட்டுப் போறேன், டார்லீன்,” என்று அந்த மேஜையில் தலையை வைத்து விக்கி விக்கி அழுதான்.

மறுநாள் அந்தப் பதிவை, எதையும் வெட்டாமல், மறுபடி ஏற்றினான். ஒரு வாரத்தில் யாரோ புது ரசிகன் குழுவில் எழுதியிருந்தான்: “மூணாவது பாட்டுல ஒரு பொம்பள ஆசையா பேசுது. முழுசா சொல்லக்கூட விடாம எந்த மடையன்யா அது, வாயை அடைச்சது?”

வெர்ன் பதில் அடித்தான்: “நான்தான்.”